மூன்றாவது உத்தரத்துக்குக் கீழே

"கூட்டி முடிச்சுத் திரும்பிப் பாத்தா மறுபடியும் மாவு கொட்டிக் கெடக்கு!"

இசக்கியம்மாள் இதைச் சொல்லாத நாள் கிடையாது. காலையில் கேட்டில் பாஸைக் காட்டும்போது சென்ட்ரியிடம் சொல்வாள். கார்டு ரூமில் சாவி வாங்கி ரெஜிஸ்தரில் கைநாட்டு வைக்கும்போது சொல்வாள். உள்ளே போய், பீடத்தின் மேல் நிற்கும் சிலுவையைப் பார்த்தும் சொல்வாள். சென்ட்ரிக்குத் தமிழ் தெரியாது. கார்டு ரூமில் கேட்க நேரம் இல்லை. சிலுவை எப்போதும்போல் நின்றது.

அடையாறு ஆற்றைத் தாண்டி இருந்த ஒரு பட்டாள முகாமுக்குள் அந்தச் சின்ன சர்ச். பெயர் இங்கே வேண்டாம். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காக வெள்ளைக்காரன் கட்டியது, நூற்று அறுபது வருஷம் ஆகிறது. முகப்பில் கட்டிப்பிடித்தாலும் கைக்குள் அடங்காத நாலு தூண். உச்சியில் ஒரே ஒரு மணி. மரச் சட்டம் வைத்த உயரமான ஜன்னல்கள். மேலே ஓடு கிடையாது, மெட்ராஸ் தளம். சுவருக்குச் சுவர் ஐந்து பெரிய உத்தரம், அதன் குறுக்கே சின்னக் கட்டைகள், அதன்மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாகச் சாய்வு வரிசையில் அடுக்கிச் சுண்ணாம்பு கொட்டிய தளம். இசக்கியம்மாள் இருபத்தாறு வருஷம் அந்தத் தளத்துக்குக் கீழே கூட்டினாள்.

அவள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். புருஷன் முகாமில் மஸ்தூராக மூட்டை தூக்கியவன், குடித்துக் குடித்தே செத்தான். "போன மகராசன் கேட் பாஸ் ஒண்ணத்தான் வச்சிட்டுப் போனான்" என்பாள். அந்த வழியில் கிடைத்தது இந்தக் கூட்டுகிற வேலை. நேரடி வேலை இல்லை, கான்ட்ராக்ட். கான்ட்ராக்டர்கள் ஐந்து பேர் மாறினார்கள். துடைப்பம் மாறிற்று. இவள் மாறவில்லை. அவள் கழுத்தில் சிலுவையும் கிடையாது, அவளுக்கு ஜெபமும் தெரியாது. ஆனால் செருப்போடு ஒருவன் உள்ளே வந்தால், அவன் மேஜரே ஆனாலும், துடைப்பத்தைத் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவாள். தட்டின தட்டில் மேஜர் குனிந்து பூட்ஸைப் பார்ப்பார்.

பட்டாளத்தில் ஒரு பழக்கம் உண்டு. பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் நகராத எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்துவிடுவார்கள். மரத்தின் அடிக்குக் காவியும் வெள்ளையும், பாதை ஓரத்துக் கல்லுக்கு வெள்ளை, தீயணைக்கும் மணல் வாளிக்குச் சிவப்பு. ஏழு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு பார்வைக்காக சர்ச்சின் ஐந்து உத்தரத்துக்கும் சாக்லேட் நிறத்தில் பளபளவென்று எனாமல் அடித்தார்கள்.

அதுவரைக்கும் அண்ணாந்து பார்த்த யாருக்கும் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்கும். நாலு உத்தரம் கறுத்துப்போன தேக்கு. மூன்றாவது மட்டும் வெளிறின நாட்டு மரம். எப்போதோ ஒரு புயலில் ஒடிந்ததற்குப் பதிலாக எவனோ கிடைத்ததை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறான். பெயின்ட் அடித்தபிறகு ஐந்தும் அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிட்டன. எது தேக்கு, எது வேறு என்று முகாமில் ஒருவருக்கும் தெரியாது. இசக்கியம்மாளுக்குத் தெரியும். அவள் கூட்டும்போது ஒட்டடைக்காக அண்ணாந்து பார்க்கிறவள்.

மாவு விழுந்தது அந்த மூன்றாவதுக்குக் கீழேதான். முதலில் ஒரு சிட்டிகை, கோலமாவு சிந்தின மாதிரி. ஒரு வருஷத்தில் அது தினமும் ஒரு கைப்பிடி ஆயிற்று. மஞ்சளாக, நைஸாக, விரலில் ஒட்டும். அரிசியில் வண்டு விழுந்தால் எப்படி மாவாகக் கொட்டும் என்று எந்தப் பெண்பிள்ளைக்கும் தெரியும். மரத்துக்கும் அதே கதைதான். உள்ளே தின்றுகொண்டிருக்கிறது, வெளியே எனாமல் பளபளக்கிறது.

சர்ச்சையும் பக்கத்துக் கோயிலையும் கவனிக்கிற பொறுப்பு ஹவில்தார் சுரேஷ்குமாரிடம் இருந்தது. காட்பாடிக்காரன், நல்ல பையன். கேட்ட உடனே கட்டிடப் பிரிவுக்கு எழுதிப் போட்டான். மூன்று மாதம் கழித்து அங்கிருந்து ஒருவர் வந்தார், காலை பதினோரு மணிக்கு, கையில் ஃபைலோடு.

"எங்கம்மா தூள்?"

"கூட்டிட்டேன் சார்."

"கூட்டிட்டியா? அப்புறம் நான் இன்னாத்த பாக்கறது?"

"எட்டு மணிக்கு வந்திருந்தா பாத்திருக்கலாம். கூட்டாம வச்சிருந்தா கூட்டலன்னு ஏசுவீங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். உத்தரம் பதினெட்டு அடி உயரத்தில் இருந்தது, முகாமில் இருந்த ஏணி பத்து அடி. "பெயின்ட் நல்லாத்தானே கீது" என்றார். ஃபைலில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். என்ன எழுதினார் என்பது பின்னால் தெரிந்தது. தரை சுத்தமாக இருந்தது, தூள் எதுவும் காணப்படவில்லை.

அது தெரிந்த அன்று இசக்கியம்மாள் வெளிப்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "எய்யா சுரேசு, என் துடைப்பமே எனக்கு எதிராச் சாட்சி சொல்லிட்டே!"

சுரேஷ்குமார் யோசித்தான். "யம்மா, ஒண்ணு செய். அந்த எடத்த மட்டும் கூட்டாத. பத்து நாள் அப்படியே வுடு. நான் மறுபடியும் அவரைக் கூட்டியாறேன். கண்ணால பாக்கட்டும்."

"கூட்டாம விடுறதா? நானா?"

"பத்தே நாளு."

இதைக் கேட்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் இருபத்தாறு வருஷம் ஒரு தரையைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தவளிடம், ஒரு முழம் இடத்தில் குப்பையைச் சேர்த்து வை என்று சொன்னால் எப்படி இருக்கும்? அவள் அந்த இடத்தைச் சுற்றி நாலு பக்கமும் கூட்டினாள். நடுவில் மாவு வளர்ந்தது. நாலாம் நாள் ஆழாக்கு. ஏழாம் நாள் உழக்குக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்த ஆபீசர் சம்சாரங்கள் அதைத் தாண்டிப் போகும்போது புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவளைப் பார்த்தார்கள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் பிள்ளைகள் பாட்டுப் பாட வரிசையாக நின்றது சரியாக அந்த உத்தரத்துக்குக் கீழே. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அது விழுவதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் நம்ப வேண்டும்.

அந்தப் பத்து நாளுக்குள்தான் கஸ்தூரிரங்கன் வந்தார். மயிலாப்பூர், பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். பழைய கட்டிடங்களைப் படம் எடுத்து, சின்னச் சின்னப் புஸ்தகமாகப் போடுவார். மேலிடத்தில் அனுமதி வாங்கி, பெரிய கேமராவோடு வந்து இரண்டு மணி நேரம் இருந்தார். தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே படம் எடுத்தார். கேட்க இசக்கியம்மாள் ஒருத்திதான்.

"இந்தச் சுவரைத் தடவிப் பாருங்கோ. சலவைக்கல் மாதிரி இல்லே? வெறும் சுண்ணாம்பும்மா! சிப்பியைச் சுட்டு, அரைச்சு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், கடுக்காய்த் தண்ணி எல்லாம் சேர்த்து இழைச்சிருக்கான்."

"முட்டையா? எத்தனை முட்டை இருக்கும் சாமி?"

"ஆயிரக்கணக்குல இருக்கும்."

"எம்மாடி! எம்புருசன் செத்ததுக்கு அப்புறம் நான் தின்ன முட்டைய விட இந்தச் செவரு தின்னது ஜாஸ்தி."

அவர் சிரித்துவிட்டு பெஞ்சுகளுக்குப் போனார். ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும் வரிசையாக அரைவட்டப் பள்ளம் வெட்டியிருந்தது. "இது எதுக்குத் தெரியுமோ? துப்பாக்கியைச் சாத்தி வைக்கறதுக்கு. சிப்பாய்க் கலகத்துக்கு அப்புறம் அவாளுக்கு பயம் வந்துடுத்து. ஜெபம் பண்ணிண்டிருக்கறச்சே எவனாவது நுழைஞ்சுட்டான்னா?"

"சாமி கிட்டயே துப்பாக்கியோடதான் வந்திருக்கானுவ" என்றாள் அவள். "நான் துணி மாட்டுது, மாட்டுதுன்னு அந்தப் பள்ளத்த வைஞ்சிக்கிட்டே தொடைச்சேன்."

சுவரில் பதித்திருந்த பளிங்குக் கல்லையும் அவர் படித்துச் சொன்னார். ஒரே கோடையில் காலராவில் செத்த சிப்பாய்கள் இருபத்துமூன்று பேர். பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயசு. அவள் தினம் துடைத்த கல்தான். அதில் இத்தனை பேர் இருப்பது அன்றைக்குத்தான் தெரியும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள். "சாமி, இத்தனையும் எழுதுவீங்கள்ல? அந்த மூணாவது உத்தரத்தையும் எழுதுங்க. உள்ள உளுத்துப் போச்சு. இங்க பாருங்க மாவு."

கஸ்தூரிரங்கன் குனிந்து பார்த்தார். அண்ணாந்து பார்த்தார். "நூத்தறுபது வருஷமா நின்னுண்டிருக்கும்மா. இந்தக் காலத்து ஃப்ளாட்டா என்ன, அஞ்சு வருஷத்துல விரிசல் விட? நீங்க, நான் எல்லாம் போனப்புறமும் இது நிக்கும்." சொல்லிவிட்டு நடுவில் நின்று பீடத்தைப் பார்த்து ஒரு படம் எடுத்தார். மாவுக் குவியல் படத்துக்குள் இருந்தது. அவள் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் பார்வை வந்தது. அடுத்த வாரம் என்று சொன்னதை முன்னாலேயே வைத்துவிட்டார்கள். சுரேஷ்குமார் தங்கை கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தான். இசக்கியம்மாளுக்குச் சொல்ல ஆள் இல்லை. காலையில் அவள் ஜன்னல் துடைத்துக்கொண்டிருக்கும்போது பூட்ஸ் சத்தம். பெரிய அதிகாரி, பின்னால் ஆறு பேர், கடைசியில் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் வைரவன், சட்டையை உள்ளே சொருகிக்கொண்டு.

அதிகாரி நேராக நடந்து வந்தார். மூன்றாவது உத்தரத்துக்குக் கீழே வந்து நின்றார். ஷூ முனையால் மாவைத் தொட்டார். இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார், இங்கே கூட்டுவது யார்?

இசக்கியம்மாள் கும்பிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். "எய்யா, அது நான் வேணும்னு வச்சிருக்கேன். மேல பாருங்க. அந்த மரம் மட்டும் வேற மரம். உள்ள புழு திங்குது. புள்ளைங்க நிக்கிற எடம். இன்ஜினியர் பாக்கணும்னுதான் கூட்டாம வச்சேன். சுரேசுத் தம்பியக் கேளுங்க."

இவ்வளவையும் கேட்டுவிட்டு அதிகாரி வைரவனைப் பார்த்தார், என்ன சொல்கிறாள் என்று. வைரவன் இந்தியில் நாலே வார்த்தை சொன்னான். வயசாயிடுச்சு சார், குனிய முடியல.

அவளுக்கு இந்தி பேச வராது. ஆனால் இருபத்தாறு வருஷம் அந்தப் பாஷைக்கு நடுவில் கூட்டியவளுக்குக் கேட்டால் புரியும்.

"அடப் பாவி! நான் சொன்னது அதாடா?"

"வாய மூடு! இன்னா நெனச்சுகினு கீற நீ? எனக்கு கான்ட்ராக்ட் போயிடும்."

அன்று மத்தியானம் கேட்டில் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டுத் தூக்கு உள்ளேயே இருந்தது. எடுத்துவரவும் விடவில்லை. சுரேஷ்குமார் லீவு முடிந்து வந்ததும் ஃபோன் செய்தான். "யம்மா, நான் எழுதிக் குடுக்கறேன், நான்தான் சொன்னேன்னு. கவலப்படாத." அடுத்த மாசம் அவனுக்கு அஸ்ஸாமுக்கு மாற்றல் வந்தது. எழுதினானோ இல்லையோ, தெரியாது. அதற்குப் பிறகு கவலைப்படாதே என்று சொல்லக்கூட ஒரு ஃபோன் வரவில்லை.

இவள் இடத்துக்கு வைரவன் கூட்டிப்போனது சரண்யாவை. கோட்டூர்ப் பக்கம் இசக்கியம்மாள் குடியிருக்கும் அதே கட்டிடத்தில் முதல் மாடிப் பெண், இருபத்து நாலு வயசு. வேலை எங்கேயாவது இருந்தால் சொல்லுங்கக்கா என்று அவளே இரண்டு வருஷமாக இசக்கியம்மாளிடம் கேட்டுக்கொண்டிருந்தவள்தான். முதல் நாள் வேலைக்குப் போய்விட்டு வந்தவளை இசக்கியம்மாள் மாடிப்படியில் மடக்கினாள்.

"ஏட்டி, மூணாவது உத்தரத்துக்கு அடியில நிக்காத. மத்த எடத்தக் கூட்டு, அத விட்டுரு. அது விழும்."

சரண்யா பையை மாற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். "இன்னாக்கா நீ? கூட்டாம வுட்டுதான் நீ வேலைய வுட்டே. நானும் வுடணுமா?"

"உன் நல்லதுக்குச் சொல்லுதேன்."

"உன் வேலைய புட்சிக்கினேன்னு உனக்கு வவுத்தெரிச்சலு. நேரா சொல்லிட்டுப் போ. விழும் விழும்னு இன்னாத்துக்கு சாபம் வுடறே?"

சரண்யா ஒழுங்காக வேலை செய்கிற பெண். மாவைத் தினமும் துளி விடாமல் கூட்டினாள். வைரவனுக்கு ரொம்ப திருப்தி. இசக்கியம்மாள் பார்க்கும்போதெல்லாம் சொன்னாள், தண்ணீர்க் குழாயடியில், பால் வாங்கும் இடத்தில், நாலு பேர் நடுவிலும் சொன்னாள். விழும், விழும், விழும். கேட்ட சனம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நவம்பரில் நாலு நாள் விடாத மழை. வேளச்சேரியில் இடுப்பளவு தண்ணீர். தளத்துச் சுண்ணாம்பு நனைந்து கனத்தது. ஐந்தாம் நாள் வெயில் அடித்தது. அன்று காலை எட்டரை மணிக்கு மூன்றாவது உத்தரம் நடுவில் முறிந்து, செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு வண்டிப் பாரம் இறங்கியது. பிள்ளைகள் இல்லை, ஆராதனை இல்லை. சரண்யா இருந்தாள். பெஞ்சு ஒன்று குறுக்கே நின்று தலையைக் காப்பாற்றிவிட்டது. வலது கால் முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் நொறுங்கியது.

பருவமழையால் சேதம் என்று எழுதினார்கள். மழைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, அதனால் அது மறுக்கவில்லை.

இசக்கியம்மாள் அன்று சாயங்காலமே கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வார்டு வாசலில் சரண்யாவின் மாமியார் சுந்தரவல்லி நின்றுகொண்டிருந்தாள். ஆத்திரத்தில் தூக்கைத் தட்டிவிட்டாள்.

"கருநாக்குக்காரி! விழும் விழும்னு சொல்லிச் சொல்லியே வுழ வச்சிட்டே இல்ல? திருப்தியா உனக்கு? எம்மருமவ மூஞ்சில முழிக்காத!"

இதுதான் வேடிக்கை. விழும் என்று சொன்னபோது ஒரு ஆளும் நம்பவில்லை. விழுந்த பிறகு, அவள் சொன்னதால்தான் விழுந்தது என்று மொத்தக் கட்டிடமும் நம்புகிறது. அவள் கண்ணை நம்பாதவர்கள் அவள் நாக்கை நம்புகிறார்கள். படியில் இறங்கினால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். கர்ப்பிணி ஒருத்தி இவளைக் கண்டால் வயிற்றை முந்தானையால் மூடிக்கொள்கிறாள். பால்காரன் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டு, கதவு திறப்பதற்குள் கீழ் மாடிக்கு இறங்கிவிடுகிறான்.

கடைசியாக ஒரு நம்பிக்கை இருந்தது, அந்தப் படம். மாவு இருந்தது, வேண்டுமென்றுதான் விட்டிருந்தது என்று காட்டினால் சுந்தரவல்லிக்காவது புரியும் என்று நினைத்தாள். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் கஸ்தூரிரங்கன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தாள். அவர் சம்சாரம் ஜானு மாமி காபி கொடுத்தாள். "விழுந்துடுத்துன்னு கேள்விப்பட்டேன். எப்பேர்ப்பட்ட கட்டிடம்!" என்று கஸ்தூரிரங்கன் நிஜமாகவே கண் கலங்கினார். கட்டிடத்துக்கு.

புஸ்தகத்தை எடுத்து வந்து விரித்தார். நடுப்பக்கம் முழுக்க அந்தப் படம். தூண்கள், பெஞ்சுகள், பீடம். தரை கண்ணாடி மாதிரி மின்னியது. மாவைக் காணோம்.

"சாமி, இங்க மாவு இருந்துதே?"

"அதுவா? கண்ணை உறுத்தித்து. கம்ப்யூட்டர்ல சுத்தமா எடுத்துட்டேன். தெரியவே இல்லே பாத்தேளா?"

"எடுக்காத படம் இருக்குமா?"

"அதெல்லாம் எடத்தை அடைச்சுண்டிருக்கும், அழிச்சுடுவேன்." அவர் அவளைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துச் சொன்னார். "உங்க வேலைக்கு இதைவிட என்ன சர்டிஃபிகேட் வேணும்? தரை எப்படி இருக்கு பாருங்கோ!"

"அன்னைக்கு நான் கூட்டல சாமி" என்றாள் இசக்கியம்மாள். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டாள். ஜானு மாமி மட்டும் வாசல் வரைக்கும் வந்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். நின்றபடியே முழுவதும் கேட்டாள். உள்ளே திரும்பி, "ஏன்னா, உங்களுக்கு அறிவிருக்கா?" என்றாள். இந்த மொத்த விஷயத்தில் அவளுக்காக ஒருவர் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் படம் போன பிறகு.

இப்போது சர்ச்சுக்கு மேல் தார்ப்பாய் போட்டிருக்கிறார்கள். வெளியாட்களுக்கு அனுமதி இல்லை, அதனால் அதைப் பார்க்கப் போகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இசக்கியம்மாளைப் போய்ப் பாருங்கள். அதற்கு பாஸ் வேண்டாம். கோட்டூரில் ரேஷன் கடைக்குப் பின்னால் உள்ள மூன்று மாடிக் கட்டிடம். யாரிடம் வழி கேட்டாலும் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். முதல் மாடியில் சரண்யா கம்பி வைத்த காலோடு படுத்திருக்கிறாள். அவளையும் பாருங்கள், பாவம், அவள் மேல் தப்பு இல்லை. சுந்தரவல்லி கதவைத் திறந்தால் சத்தம் போடாமல் பேசுங்கள். பிறகு இன்னும் இரண்டு மாடி ஏறி, நாலு பேர் பார்க்க, பகலிலேயே இசக்கியம்மாள் கதவைத் தட்டுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அவள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். ஹார்லிக்ஸ், பழம் எதுவும் வேண்டாம், அவளுக்குச் சர்க்கரை. பத்து மணிக்கு மேல் போனால் சமையலை முடித்திருப்பாள்.